கீசரில் 60, குழாயில் 42

தண்ணீர் கொதித்தால்தான் தோல் வெந்துபோகும் என்பதில்லை. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர் பெரியவர்களின் தோலையே ஏறக்குறைய 5 நொடியில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். 65 டிகிரி என்றால் 2 நொடி போதும். 55 டிகிரியில் அரை நிமிடம் வரை தாங்கும்; 49 டிகிரிக்கு இறங்கினால் பல நிமிடம் கிடைக்கும். குழந்தைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு இந்த நேரமெல்லாம் இன்னும் குறைவு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கோ சுடுவதே தெரியாது. தெரியும்போது கொப்புளம் வந்திருக்கும்.

நம் வீடுகளில் இருக்கும் 15 லிட்டர் கீசர்களில் பலவற்றின் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியை, 75 டிகிரி வரை ஏற்றலாம். கடைசிவரை திருகி வைத்துவிட்டு, குழாயில் பச்சைத் தண்ணீரை விளாவிக்கொள்வதுதான் பெரும்பாலான வீடுகளில் வழக்கம்.

அப்படியானால் கீசரையே 45-ல் வைத்துவிட்டால் என்ன? இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது கிருமி. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய நீரில் பெருகும். ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்திவலைகளை மூச்சில் இழுக்கும்போது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கும். 1976-ல் பிலடெல்பியாவில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டில் பரவியபோதுதான் இந்த நோய் வெளியுலகுக்குத் தெரிந்தது. 60 டிகிரியில் இந்தக் கிருமி பிழைக்காது. இரண்டாவது அளவு. பச்சைத் தண்ணீர் 28 டிகிரி என்று வையுங்கள். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரை விளாவினால் 40 டிகிரியில் சுமார் 40 லிட்டர் கிடைக்கும். அதே 15 லிட்டர் 45 டிகிரியில் இருந்தால் 21 லிட்டர்தான்.

ஆக, தேக்கி வைக்க 60, உடம்பில் ஊற்ற 42-க்குள். இந்த இரண்டையும் ஒரே திருகியால் சமாளிக்க முடியாது. அதற்குத்தான் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் ஒரே சூட்டில் கலந்து தரும் தெர்மோஸ்டாடிக் மிக்ஸிங் வால்வு. உள்ளே ஒரு மெழுகுக் குப்பி இருக்கும். கலந்து வரும் நீர் சூடேறினால் மெழுகு விரிந்து வெந்நீர் வாயைக் குறுக்கும், குளிர்ந்தால் சுருங்கித் திறக்கும். பச்சைத் தண்ணீர் நின்றுபோனால் வெந்நீரையும் சில நொடிகளில் அடைத்துவிடும். சுவரில் இருக்கும் சாதாரண மிக்ஸரோ, ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரோ இந்த வேலையைச் செய்யாது. பக்கத்து பாத்ரூமில் யாராவது ஃப்ளஷ் அழுத்தினால் பச்சைத் தண்ணீரின் அழுத்தம் குறைந்து, குளிப்பவர் தலையில் சுடுநீர் கொட்டுவது அதனால்தான்.

வால்வு வாங்கும்போது குறைந்தபட்ச அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். மொட்டை மாடி டேங்க் ஷவரைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் (bar) அழுத்தம்தான். அதிக அழுத்தத்துக்கென்று செய்த வால்வை அங்கே மாட்டினால் தண்ணீர் சொட்டும். இரண்டு லைனும் ஒரே டேங்கிலிருந்து வருவது நல்லது. பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் போட்ட வீடுகளில் அந்தத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் புகுந்து மேலேறும். சோலார் டேங்கின் காற்றுக்குழாயில் தண்ணீர் வழிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஹெல்த் ஃபாசெட்டில் திடீரென்று வெந்நீர் வருவதும் இதே கலப்பின் இன்னொரு முகம். இரண்டு வாயிலும் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் வடிகட்டி வலையும் இல்லாமல் மிக்ஸிங் வால்வைப் பொருத்தவே கூடாது.

மாட்டுவதற்கு முன் குழாயைத் திறந்துவிட்டுத் துகள்களை வெளியேற்ற வேண்டும். சிவப்புக் குறி வெந்நீருக்கு, நீலக் குறி பச்சைத் தண்ணீருக்கு. மாற்றி இணைத்தால் வால்வு வேலையே செய்யாது. குளிக்கும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள், வெதுவெதுப்பான நீர் நீண்ட குழாயில் தேங்கக் கூடாது. கீசரின் விளக்கு அணைந்தபின் வெந்நீரை ஒரு நிமிடம் ஓடவிட்டு டிஜிட்டல் தெர்மாமீட்டரில் அளந்து, பிறகு வால்வைத் திருகி 42-க்குக் கொண்டு வாருங்கள். கீசர் திருகியில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். கடைசியாகப் பச்சைத் தண்ணீரை மூடிப் பாருங்கள். வெந்நீர் சில நொடிகளில் நிற்காவிட்டால் அந்த வால்வு உங்களைக் காப்பாற்றாது.

வால்வு போட்டாகிவிட்டதே என்று கீசரை 45-க்கு இறக்குவது பலரும் செய்யும் தவறு. உள்ளே வரும் வெந்நீர், வெளியே வேண்டிய சூட்டைவிட 10 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான், பச்சைத் தண்ணீர் நிற்கும்போது வெந்நீரை அடைக்கும் அந்த வேலை நடக்கும்.

போர் தண்ணீர் வீடுகளில் உப்பு படிந்து உள்ளிருக்கும் தண்டு இறுகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவி, சிட்ரிக் அமிலக் கரைசலில் உள்பாகத்தை ஊறவைத்து, பச்சைத் தண்ணீரை மூடும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சென்னையின் மே மாதத்தில் மாடி டேங்க் நீரே 40 டிகிரியைத் தொடும். அப்போது வால்வைத் திருகிப் பயனில்லை, உள்ளே வரும் நீரைவிடக் குளிர்ந்த நீரை அதனால் தர முடியாது.

எல்லா வீட்டுக்கும் இந்த வால்வு கட்டாயமா? சோலார் ஹீட்டர் இருந்தால் கட்டாயம் என்பேன். வெயில் நாளில் அந்த டேங்க் 80 டிகிரியைத் தாண்டும், அதைக் குறைக்கத் திருகி எதுவும் இல்லை. முதியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள வீட்டிலும் போட்டுவிடுங்கள். குளிக்கும் முன் கீசரைப் போட்டு, முழுவதும் பயன்படுத்திவிட்டு அணைக்கும் சிறிய குடும்பம் 50-ல் வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் ஊருக்குப் போய் வந்தால், ஒருமுறை 60-க்கு ஏற்றி அரைமணி நேரமாவது விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து அந்த நீரை வாளியில் திறந்துவிடுங்கள், ஷவரில் வேண்டாம். வாளியில் குளிப்பவர்கள் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அதன்மேல் வெந்நீரைத் திறக்க வேண்டும். வெந்நீர் மட்டும் நிரம்பிய வாளி பாத்ரூமில் இருக்கும்போது, துண்டு எடுக்கக்கூடக் குழந்தையைத் தனியே விட்டு நகராதீர்கள்.