ட்யூனரில் பச்சை எரியுது, கார்டு மட்டும் ஏன் ஒட்டவில்லை?

"ட்யூனர்ல எல்லாம் பச்சை காட்டுது, ஆனா கார்டு பிடிச்சா கேக்க முடியல." சர்வீஸுக்கு கிட்டார் கொண்டுவரும் பலர் சொல்வது இது. (கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது.) கூடவே, எந்த ட்யூனர் வாங்கலாம் என்ற கேள்வியும் வரும். பெரும்பாலும் குறை ட்யூனரில் இருக்காது. அது காட்டுவது ஓப்பன் ஸ்ட்ரிங்கின், அதாவது விரல் வைக்காத கம்பியின், சுருதியை. ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விரல் வைத்த பிறகும் சுருதி சரியாக நிற்கிறதா என்பதுதான் இன்டொனேஷன்.

சரி, முதலில் ட்யூனர். சுருதி வித்தியாசத்தை அளக்கும் அலகு சென்ட். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரெட்டுக்கு இடையே 100 சென்ட். ஒரு சென்ட் துல்லியம் உள்ள சாதாரண க்ளிப் ட்யூனரே வாசிக்கப் போதும். அதிர்வைப் பிடிப்பதால் சத்தத்திலும் வேலை செய்யும். 0.1 சென்ட் காட்டும் ஸ்ட்ரோப் ட்யூனர் என்னைப் போல செட்டப் செய்பவர்களுக்குத்தான் தேவை. வாங்கியதும் திரையில் 440 (ஏ சுரத்துக்கான அடிப்படை அதிர்வெண், ஹெர்ட்ஸில்) இருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் தவறி அமுங்கி 442 ஆகியிருந்தால் எல்லாக் கம்பியும் கிட்டத்தட்ட 8 சென்ட் ஏறிவிடும். தனியாக வாசிக்கும்போது தெரியாது, கீபோர்டுடன் சேரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

இன்டொனேஷன் பார்க்கும்முன் புதுக் கம்பி போடுங்கள். வியர்வையும் துருவும் ஏறிய கம்பியை வைத்து அளப்பது வீண். அப்புறம் 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அங்கேயே அழுத்தி மீட்டும் ஒலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலை (பிரிட்ஜில் கம்பி அமரும் துண்டு) பின்னே தள்ளிக் கம்பியின் நீளத்தைக் கூட்ட வேண்டும், இறங்கியிருந்தால் முன்னே. எலெக்ட்ரிக்கில் இது ஸ்க்ரூ திருகும் வேலை. அக்கூஸ்டிக்கில் சாடிலை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும், வீட்டில் முயல வேண்டாம்.

12ஆம் ஃப்ரெட் சரியாக இருந்தும் முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் சுருதி ஏறுகிறதா? நட்டை, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளமுள்ள துண்டை, பாருங்கள். விலை குறைந்த கிட்டார்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நடுவே கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட்டின் பள்ளம் போதுமான ஆழம் இல்லை. விரல் கம்பியை அதிகம் இழுக்கிறது, சுருதியும் கூடவே ஏறுகிறது. எத்தனை ஆயிரத்துக்கு ட்யூனர் வாங்கினாலும் இது சரியாகாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஈ மேஜர் கார்டு சற்று உரசும். ஃப்ரெட் போட்ட கருவியில் மேஜர் மூன்றாம் சுரம், காதுக்கு முழுதாக ஒத்திசையும் தூய சுரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் உயரமாகத்தான் இருக்கும். இங்கே அது ஜி கம்பியின் முதல் ஃப்ரெட்டில் வருகிறது. காது நல்ல மாணவர்கள் உடனே அந்தக் கம்பியைக் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். ஈ மேஜர் இனிக்கும். அடுத்து ஈ மைனர் பிடித்தால் அங்கே வேண்டியது நேர் எதிர். அங்கே மூன்றாம் சுரமான ஓப்பன் ஜி ஏற்கெனவே தூய சுரத்தைவிடத் தாழ்ந்தது, நீங்கள் இறக்கியதும் சேர்ந்து 30 சென்ட் வரை கீழே தொங்கும். ஜி கம்பியை ட்யூனர் சொன்ன இடத்திலேயே விட்டுவிடுங்கள்.