அமிலம் பாதி, சோப்பு பாதி

சலவைத் தூள், பாத்திரம் துலக்கும் திரவம், தரை துடைக்கும் திரவம் என்று எதை எடுத்துக்கொண்டாலும் அதன் மூலப்பொருள் பட்டியலில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும்: லீனியர் ஆல்கைல்பென்சீன் சல்ஃபோனிக் அமிலம். வியாபாரத்தில் ஆசிட் ஸ்லரி என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கரும்பழுப்பு நிறத்தில், தேனைப் போல் கெட்டியாக இருக்கும். கேனைச் சாய்த்தால் அவசரமே இல்லாமல் இழைந்து இறங்கும். புகையாது, மூக்கைத் துளைக்கும் நெடியும் கிடையாது. அடர் கந்தக அமிலம் என்றால் நான்கு அடி தள்ளி நிற்பவர்கள்கூட, இதைக் கையுறை இல்லாமல் ஊற்றுவதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், இதன் முதல் ஆபத்தே இந்தச் சாதுவான தோற்றம்தான்.

உண்மையில் இது வலுவான அமிலம். வினிகர் போன்ற மென்மையான அமிலங்களின் வரிசையில் இதை வைக்க முடியாது. சந்தையில் கிடைப்பது வழக்கமாக 96 சதவீதம் செறிவுள்ளது. மீதியில் வினைபுரியாத எண்ணெயும், ஒன்றிரண்டு சதவீதம் கந்தக அமிலமும், கொஞ்சம் ஈரமும் இருக்கும். ஆனால் அமிலம் என்று மட்டும் நினைத்துக் கையாண்டாலும் சிக்கல்தான். மற்ற அமிலங்களுக்கு நாம் படித்து வைத்திருக்கும் பாதுகாப்பு விதிகளில் சில இங்கே எதிர்பாராத வகையில் காலை வாரிவிடும். காரணம், இது அமிலமாக இருக்கும்போதே சோப்பாகவும் இருக்கிறது.

மூலக்கூறின் அமைப்பைப் பார்த்தால் இது புரியும். 10 முதல் 13 கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. அதில் ஒட்டிய ஒரு பென்சீன் வளையம். வளையத்தின் மறுபக்கம் சல்ஃபோனிக் தொகுதி. சங்கிலிக்கு எண்ணெயோடு உறவு, சல்ஃபோனிக் தொகுதிக்குத் தண்ணீரோடு உறவு. அழுக்கில் உள்ள எண்ணெய்க்குள் சங்கிலிகள் நுழைய, வெளியே நிற்கும் தொகுதிகள் அந்த எண்ணெய்த் துளியைத் தண்ணீரோடு இழுத்துச் செல்கின்றன. துணி வெளுப்பது இப்படித்தான்.

இதே வேலையைத் தோலிலும் அது செய்யும். நம் தோலின் மேலடுக்கு, புரதம் நிறைந்த இறந்த செல்களும் அவற்றுக்கிடையே பூசிய கொழுப்புமாக அமைந்தது. உள்ளே எதையும் விடாமல் காப்பது அந்தக் கொழுப்புப் பூச்சு. ஆசிட் ஸ்லரி படும்போது சங்கிலி அந்தப் பூச்சைக் கரைக்கிறது, புரதங்களை உப்பவைக்கிறது. திறந்த வழியில் அமிலம் இறங்குகிறது. இதற்கு உறவுக்காரப் பொருளான சோடியம் லாரில் சல்ஃபேட்டை, புரதங்களின் மடிப்பைக் குலைப்பதற்கென்றே ஆய்வகங்களில் பயன்படுத்துகிறார்கள். தோல் எரிச்சலைச் சோதிக்கும் மருத்துவர்கள், வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கத் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான்.

தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். கெட்டியாக ஒட்டிக்கொள்வதால் சட்டென்று போகாது. வழவழப்பு முழுக்க நீங்கும் வரை கழுவியே ஆக வேண்டும். அமிலம்தானே, கொஞ்சம் சலவைச் சோடா தடவினால் சரியாகிவிடும் என்று இறங்கக் கூடாது. வினையில் வரும் சூடு புண்ணை இன்னும் மோசமாக்கும். பருத்திக் கையுறை, கையுறையே இல்லாததைவிட மோசம். ஊறிப்போய்த் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். நைட்ரைல் அல்லது பிவிசி கையுறைதான் சரி.

கண்ணில் தெறித்தால் பார்வையே பாதிக்கப்படலாம். இமையை விரித்துப் பிடித்து விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மேலே வரும்போது தொண்டையை மறுபடி சுடும் என்பது ஒன்று. நுரை மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலுக்குப் போகும் என்பது இன்னொன்று.

விபத்துகளுக்கு அதிகம் இடம் கொடுப்பது, காஸ்டிக் சோடாவோடு சேர்த்து இதைச் சோப்பாக்கும் கட்டம். ஒரு கிலோ ஆசிட் ஸ்லரிக்கு ஏறத்தாழ 125 கிராம் காஸ்டிக் சோடா தேவைப்படும். அந்த வினையில் சுமார் 180 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்கு மேல் சூடேற்ற அது போதும். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போதே வெளிவரும் சூடு இதில் சேரவில்லை; அது தனிக் கணக்கு. அதனால்தான் காஸ்டிக்கை முன்கூட்டியே நிறையத் தண்ணீரில் கரைத்து ஆறவிடுகிறார்கள். அதன்பிறகு, கலக்கிக்கொண்டே ஆசிட் ஸ்லரியை மெல்லிய தாரையாக அதில் விட வேண்டும்.

வரிசையை மாற்றி, ஆசிட் ஸ்லரியின் மேல் காஸ்டிக் கரைசலை ஊற்றினால் என்ன ஆகும்? இரண்டும் தொடும் இடத்தில் உடனே சோப்பு உருவாகிறது. தண்ணீர் குறைவாக உள்ள இடத்தில் சோப்பு திரவமாக நிற்பதில்லை. மூலக்கூறுகள் அணி அணியாக அடுக்கி, அசையாத கூழாகிவிடுகின்றன. வெளிறிய பசைக்குள் பழுப்பு உருண்டைகள் மிதப்பதைப் பார்த்தால், அதுதான் இது. உருண்டைக்குள் வினைபுரியாத அமிலம், வெளியே காஸ்டிக், நடுவில் கூழ்ச்சுவர். மேலே தொட்டுப் பார்த்துச் சூடு அடங்கிவிட்டது என்று நினைக்கையில், கலக்கும் கோல் பட்டு உருண்டை உடையும். அடக்கி வைத்த வினை ஒரே மூச்சில் நடந்து கொதிக்கக் கொதிக்கத் தெறிக்கும். கலவை கெட்டிப்படுகிறதே என்று கொஞ்சம் தண்ணீர் விட்டால், சில செறிவுகளில் இளகுவதற்குப் பதில் இன்னும் இறுகும். அனுபவமில்லாதவர்கள் குழம்பிப்போவது இங்கேதான்.

கடைசிக் கட்டத்திலும் பொறுமை வேண்டும். வலுவான அமிலமும் வலுவான காரமும் சேரும்போது, நடுநிலையை நெருங்கும் இடத்தில் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) மெதுவாக இறங்காது, தடாலென்று சரியும். ஒரு கரண்டி ஆசிட் ஸ்லரி கூடினாலும் காரக் கலவை அமிலக் கலவையாகிவிடும். கடைசிப் பங்கை நன்றாக நீர்த்து, விட்டு விட்டுச் சோதித்துச் சேர்ப்பதே வழி.

காஸ்டிக் வேண்டாம், சலவைச் சோடா சாதுவானது என்று அதை எடுப்பவர்களுக்கு வேறு கதை. சோடா அமிலத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வரும். ஒரு கிலோ ஆசிட் ஸ்லரி முழுவதும் வினைபுரிந்தால் அது கிட்டத்தட்ட 38 லிட்டர். சாதாரண அமிலமாக இருந்தால் குமிழிகள் பொரிந்து வாயு காற்றோடு போய்விடும். இங்கே கூடவே சோப்பும் பிறக்கிறது. அது ஒவ்வொரு குமிழியையும் பிடித்து நுரையாக நிறுத்திவிடும். பாத்திரம் பொங்கி வழியும். வழிவது வெறும் நுரையல்ல, வினை முடியாத அமிலத்தையும் சுமந்துகொண்டுதான் வரும்.

தரையில் கொட்டிவிட்டாலும் இதே காரணத்தால் சலவைச் சோடாவை அள்ளிக் கொட்டவோ, குழாயைத் திறந்து தண்ணீர் அடிக்கவோ கூடாது. தண்ணீர் பட்டால் நுரை எழும்பித் தரை வழுக்கும்; அமிலத்தில் கால் வைத்தவர் அமிலத்திலேயே விழுவார். முதலில் மணலையோ காய்ந்த மண்ணையோ போட்டு உறிஞ்சவிட்டு, பிளாஸ்டிக் கொள்கலனில் அள்ளிவிட வேண்டும். மெல்லிய படலமாக மிஞ்சுவதற்கு மட்டும் சோடா தூவி, கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

சேமிப்பில் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச் திரவம் இதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். துப்புரவுப் பொருள் செய்யும் இடங்களில் இரண்டும் ஒரே மாதிரி கேனில் ஒரே அலமாரியில் நிற்பதுதான் வேதனை. மற்றொன்று பாத்திரம். அலுமினியம், துத்தநாகம் பூசிய வாளி, பூச்சில்லாத இரும்பு ஆகியவற்றை அமிலம் அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். மூடிய கொள்கலனில் அழுத்தம் ஏறும். தடித்த பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ வேண்டும். டிரம் உப்பியிருந்தால் அருகில் நெருப்பு கூடாது; முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு மூடியை மெல்லத் தளர்த்த வேண்டும். காலி இரும்பு டிரம்மை வெட்டவோ வெல்டிங் செய்யவோ கூடாது என்பதும் இதனால்தான்.

சாக்கடைக்குள் போனதும் இதன் கதை முடிவதில்லை. 1950களில் பயன்பட்ட பழைய வகையில் கார்பன் சங்கிலி கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. நுண்ணுயிரிகளால் அதை எளிதில் சிதைக்க முடியாமல் ஆறுகளின் மேல் நுரை மலைபோல் நின்றது. இதைக் கட்டுப்படுத்த ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965க்குள் கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறினார்கள். பெயரிலுள்ள லீனியர் அதைத்தான் குறிக்கிறது. ஆக்சிஜன் உள்ள நீரில் இந்த வகை நன்றாகவே சிதைகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் சில மில்லிகிராம் இருந்தாலே மீன்களின் செவுள்களைச் சேதப்படுத்தும். ஆகவே காலி கேனைக் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் எடுத்து வைத்து, அடுத்த முறை கலக்கும்போது சேர்க்கும் தண்ணீரோடு சேர்த்துக்கொள்வார்கள் விவரம் தெரிந்தவர்கள், பொருளும் வீணாகாது.