படத்துக்குள் இருக்கும் சொற்களை யார் படிப்பது?

சில வருடங்களுக்கு முன் ஓர் அறிவியல் பாடநூலை மின்னூலாக்கிக் கொடுத்தோம். பார்வைக் குறைபாடுள்ள வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: எழுத்தின் அளவைக் கூட்டினால் பாடம் முழுக்கப் பெரிதாகிறது, இதயத்தின் படத்தில் உள்ள பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பெயர்களையெல்லாம் படத்தோடு சேர்த்து பிக்சல்களால் மட்டுமே ஆன ஒரே பிஎன்ஜி படக் கோப்பாகப் போட்டிருந்தோம். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் அவருடைய ஸ்கிரீன் ரீடருக்கு அங்கே படிக்க ஒன்றுமே இல்லை. தவறு எங்களுடையதுதான்.

இதற்கான வழி புதிதல்ல. எஸ்விஜி என்ற பட வடிவம், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2001-லேயே வந்துவிட்டது. அதில் வட்டம் வட்டமாகவே, எழுத்து எழுத்தாகவே எழுதப்படுகிறது. தேடலாம், நகலெடுக்கலாம், வாசிக்கக் கேட்கலாம்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? கொம்பும் காலும் இடம் மாறி விழுமோ என்ற பயத்தில், தமிழ் எழுத்தையெல்லாம் வெறும் கோடுகளாக மாற்றிச் சேமித்துவிடுகிறோம். படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மையாக இருக்கும், உள்ளே ஒரு சொல் கூட இருக்காது. எழுத்துருவை டபிள்யூஓஎஃப்எஃப்2 என்ற இணைய எழுத்துருக் கோப்பாகப் பக்கத்தோடு கொடுத்து, எஸ்விஜியைத் தனிப் படக் கோப்பாக இமேஜ் டேக்கில் இழுக்காமல் பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமுறைக்குள்ளேயே வைத்தால் இந்தப் பயம் வேண்டாம். இமேஜ் டேக்கில் போட்டால் வெளியே இருக்கும் எழுத்துரு அதற்குக் கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. 800 அலகு அகலத்தில் வரைந்த படத்தில் 16 அளவில் வைத்த எழுத்து, 320 பிக்சல் அகலமுள்ள போனில் 6.4 ஆகச் சுருங்கிவிடும். யாரால் படிக்க முடியும்? படம் திரைக்குப் பொருந்திவிட்டது என்று நாம் திருப்தியாக இருப்போம். சிறிய திரைக்கு, திரையின் அகலத்தைப் பார்த்து தோற்றத்தை மாற்றும் மீடியா குவெரி வைத்து, படத்தில் எண்களை மட்டும் காட்டி, பெயர்களைக் கீழே பட்டியலாகக் கொடுப்பதே எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

ஆயிரக்கணக்கான புள்ளிகள் என்றால் எஸ்விஜி திணறும், பிக்சல்களாகவே வரையும் கேன்வாஸ்தான் வேண்டும். சரி, ஆனால் கேன்வாஸ் வரைந்ததை நினைவில் வைப்பதில்லை, பிக்சல்கள்தான் மிஞ்சும். அதனால் அதே தரவை ஒரு அட்டவணையாகவும் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், தொட்டால் நகரும் படங்கள். மின்னூல் வடிவமான இபப் 3, படத்தை இயக்கும் நிரலான ஸ்கிரிப்டை அனுமதிக்கிறது, ஆனால் எல்லா வாசிப்புச் செயலிகளும் அதை இயக்குவதில்லை. ஃபிளாஷ் என்ற பழைய அசைபட மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் நின்றபின், அதில் செய்த பாடப் படங்கள் இயங்காமல் போனதைப் பார்த்தோமே. ஆகவே முதலில் அசையாமலே பொருள் தரும் படம், அதன் மேல்தான் ஸ்கிரிப்ட். மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரியும் விளக்கம் போனில் தெரியாமலே போகலாம், கீபோர்டு மட்டும் பயன்படுத்துபவருக்கும் அதே கதி.

அந்த இதயப் படத்தை மறுபடி வரைந்தோம். இப்போதெல்லாம் எந்தப் படம் வந்தாலும், அதிலுள்ள ஒரு சொல்லைப் பக்கத்தில் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை என்றால் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.