போட்ட மெயில் எங்கே நிற்கிறது?

மெயில் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. எனக்கு ஓயாமல் வரும் புகார் ஒன்றுதான்: "நேற்றே மெயில் போட்டுவிட்டார்களாம் சார், எனக்கு வரவே இல்லை." போட்டேன் என்பவரும் பொய் சொல்வதில்லை, வரவில்லை என்பவரும் பொய் சொல்வதில்லை. 'சென்ட்' பெட்டியில் ஒரு மெயில் கிடக்கிறது என்றால், அனுப்பியவருடைய சர்வர் அதை வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் அர்த்தம். எதிர்ப்பக்க சர்வர் வாங்கியதா, வாங்கி எந்தப் பெட்டியில் போட்டது என்பதெல்லாம் அதற்குப் பிறகு நடக்கிற கதை.

ஒரு பெண் அழாத குறையாகக் கூப்பிட்டார். நேர்முகத் தேர்வுக்குத் தேர்வாகியிருக்கிறார், அழைப்பு வரவில்லை. அந்த நிறுவனத்தைக் கேட்டால் ஆறு வாரம் முன்பே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். எங்கள் சர்வரின் லாக்கை, அதாவது வந்துபோகும் மெயில்களைப் பற்றி அது எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மெயில் வந்து சேர்ந்த தேதி, நேரம், ஸ்பேம் பெட்டிக்குப் போன குறிப்பு எல்லாம் இருந்தது. மெயில்தான் இல்லை. ஸ்பேம் பெட்டியில் 30 நாள் கிடந்தது தானாகவே அழிந்துவிடும்; ஜிமெயிலிலும் இதே கணக்குதான். அன்றிலிருந்து எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: முக்கியமான பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களில் ஸ்பேம் பெட்டியைத் தினமும் ஒருமுறை பாருங்கள். அங்கே நல்ல மெயில் கிடந்தால் எடுத்துப் படிப்பதோடு விடாமல், 'ஸ்பேம் இல்லை' என்பதையும் அழுத்துங்கள். அடுத்த முறை அதே ஆள் அனுப்புவது நேராக வர அது உதவும்.

சரி, தாமதத்துக்கு வருவோம். மெயில் உடனே போய்ச் சேர வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் சர்வர்கள் இன்றும் பேசுகிற எஸ்எம்டிபி முறை 1982இல் எழுதப்பட்டது. எதிர்ப்பக்கக் கணினி இப்போது எழுந்திருக்காவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொறுமையோடு வடிவமைத்தது. எதிர் சர்வர் 'இப்போது முடியாது' என்றால், அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு முயலலாம், நாலைந்து நாளாவது முயன்றுவிட்டுத்தான் கைவிட வேண்டும் என்பது பரிந்துரை. பல சர்வர்கள் முதல் சில முயற்சிகளைச் சீக்கிரமாகவே செய்துவிடும், ஆனால் எல்லாம் அப்படி இல்லை.

சில சர்வர்கள் வேண்டுமென்றே தாமதிக்கும். முன்பின் பார்த்திராத சர்வரிலிருந்து முதல்முறை மெயில் வந்தால் 'கொஞ்சம் கழித்து வா' என்று திருப்பி அனுப்பும். இதற்கு கிரேலிஸ்டிங் என்று பெயர். ஒழுங்கான சர்வர் திரும்பி வரும், குப்பை மெயிலை அள்ளி வீசுகிற பல நிரல்கள் வருவதில்லை. நல்ல தந்திரம்தான். ஆனால் ஓடிபிக்காகக் காத்திருப்பவருக்கு இது பெரிய தொல்லை. அப்போது பலர் 'மறுபடி அனுப்பு' என்பதை ஐந்தாறு தடவை அழுத்துகிறார்கள். பெரும்பாலான இடங்களில் புது எண் கேட்டதுமே பழைய எண் செல்லாமல் போகும். எல்லாம் ஒன்றாக வந்து விழும்போது எது கடைசி எண் என்று தெரியாமல் திணற வேண்டியதுதான். ஒருமுறை கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பதே மேல்.

எங்கே தாமதம் ஆனது என்று ஊகிக்கத் தேவையில்லை, மெயிலே சொல்லும். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியைத் தொட்டால் 'ஷோ ஒரிஜினல்' என்று இருக்கும் (கணினியில் பாருங்கள்). அதில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள், ஒவ்வொரு சர்வரும் கைமாற்றும்போது குத்திய முத்திரைகள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். எங்கள் சர்வர் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். வரிகளைச் சேர்ந்து படித்தோம். காலை 10.02க்கு அனுப்பியவரின் கணினியை விட்டுக் கிளம்பியிருக்கிறது. அடுத்த முத்திரை 12.41. அந்த இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மெயில் நின்றது அவர்கள் அலுவலகத்திலேயே, வைரஸ் சோதிக்கும் சர்வரில். எங்களிடம் வந்தபின் ஆனது நான்கு விநாடி. ஒன்றைக் கவனியுங்கள்: நேரத்துக்குப் பின்னால் +0000 போன்ற ஓர் எண் இருக்கும். அது எந்த ஊர்க் கணக்கில் எழுதிய நேரம் என்பதைக் காட்டும். வரிக்கு வரி அது மாறியிருந்தால் நேரத்தைச் சரிசெய்துதான் கழிக்க வேண்டும்.

போய்ச் சேராமல் திரும்பி வந்த மெயிலைப் படிக்காமலே அழிக்கும் பழக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் வருவதாலோ என்னவோ, அதையே ஸ்பேம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் உள்ள எண்ணைப் பாருங்கள். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வர் இன்னும் முயலும். 5இல் தொடங்கினால் முடிந்தது, நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஜிமெயிலில் இலவசமாகத் தரும் 15 ஜிபியில் போட்டோக்களும் டிரைவ் கோப்புகளும் சேர்த்தி என்பதால், மெயிலே அதிகம் இல்லாதவருக்கும் பெட்டி நிரம்பும். ஆனால் எழுத்துப் பிழைக்கெல்லாம் இப்படிப் பதில் வரும் என்று நம்பிவிட முடியாது. முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பிரபலமான பெயர்களில் ஓர் எழுத்தை மாற்றி யாரோ பதிவு செய்து வைத்திருப்பார்கள். உங்கள் மெயில் அங்கே சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

பெரிய கோப்பை இணைக்கும்போது, அது மெயிலுக்காக மாற்றப்படுகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும். 20 எம்பி கோப்பு ஏறக்குறைய 27 எம்பி ஆகும். சர்வரின் அளவு வரம்பைத் தாண்டினால் மெயில் போகாது. இணைப்பாக அனுப்பாமல் லிங்க் அனுப்புங்கள்.

வந்த மெயில் காணாமல் போகிறது என்றால் நான் முதலில் கேட்பது, வேறு எந்தக் கருவியில் இந்தக் கணக்கு இருக்கிறது என்பதைத்தான். மெயிலைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில் அமைத்த பழைய கணினி ஒன்று எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், அது சர்வரிலிருந்து மெயிலை இறக்கி, அங்கே அழித்தும் விடலாம். போனில் ஒன்றும் தெரியாது. மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

சொந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப். உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்ட மெயிலுக்கு இடும் முத்திரை டிகிம். இவை உங்கள் டொமைனோடு பொருந்தாதபோது என்ன செய்வது என்ற அறிவிப்பு டிமார்க். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. குறைவாக அனுப்புபவர்களும் இவற்றை வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. நான் அடிக்கடி பார்க்கும் தவறு: பில் அனுப்ப ஒரு புது மென்பொருள் வாங்குவார்கள், அதன் சர்வரைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுவார்கள். அன்றிலிருந்து பில்கள் மட்டும் ஸ்பேமுக்குப் போகும். பணம் வராதபோதுதான் தெரியும்.

உங்கள் அலுவலக சர்வர் நிர்வாகியிடம் புகார் சொல்லும்போது 'மெயில் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் அவரால் தேட முடியாது. அனுப்பியவர் முகவரி, பெற வேண்டியவர் முகவரி, அனுப்பிய தேதி, நேரம் இவை வேண்டும். அனுப்பியவரிடமிருந்து அந்த மெயிலின் 'மெசேஜ் ஐடி' (ஒவ்வொரு மெயிலுக்கும் இருக்கும் தனி அடையாளம்) கிடைத்தால் தேடல் ஒரு நிமிட வேலை. லாக்குகளை எந்த சர்வரும் காலாகாலத்துக்கும் வைத்திருப்பதில்லை, பல இடங்களில் சில வாரங்களில் அழிந்துவிடும். சந்தேகம் வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.