பேட்டரியில் பறக்கப் பழகுதல்

காரைக்குடியில் மின்ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பிரித்துப் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றில் சென்ற கோடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். மேசை மேல் ஒரு பேட்டரிப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கட்டைவிரல் பருமனில் நீல உறை போட்ட செல்கள், தேன்கூடு போல நெருக்கமாக, நிக்கல் பட்டைகளால் பிணைக்கப்பட்டு வரிசை வரிசையாக நின்றன. கடைக்காரர் கழற்றி வைத்திருந்த இரண்டு செல்களை எடுத்து மல்டிமீட்டரின் முனைகளை வைத்தார். ஒன்று 3.8 வோல்ட். மற்றதும் 3.8 வோல்ட்.

"இரண்டும் ஒன்றுபோலத்தானே தெரிகின்றன அண்ணே? இப்போது பாருங்கள்" என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சுமையை மாட்டினார். முதல் செல் 3.6-இல் நின்றது. இரண்டாவது 3.1-க்குச் சரிந்தது.

"சும்மா இருக்கும்போது எல்லாமே இளசுதான். பாரம் ஏற்றினால்தான் வயது தெரியும்."

மின்விமானங்களைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்கங்களைவிட அந்த ஒரு வாக்கியம் விஷயத்தின் மையத்துக்கு அருகில் இருக்கிறது. விமானி ஆகப் பழகுகிறவர்களுக்கான சிறு விமானங்களில் இப்போது பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் பேட்டரி வைக்கிறார்கள். அது எப்படி முடிகிறது, எங்கே இடிக்கிறது என்பதை அந்த இரண்டு செல்களைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதலில் எடைக்கணக்கு. ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. நம் வீட்டு மீட்டர் ஓடும் அதே யூனிட்தான், கிலோவாட் மணி. விமானத்தில் வைக்கும் லித்தியம் அயனி பேட்டரியோ, பெட்டி, குளிர்விக்கும் குழாய், காவல் மின்சுற்று எல்லாம் சேர்த்து எடைபோட்டால் கிலோவுக்கு 0.2 யூனிட்டைக்கூட எட்டுவதில்லை. அறுபது மடங்குக்கு மேல் வித்தியாசம். மின்மோட்டார் தனக்கு வரும் ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கைச் சுழற்சியாக மாற்றிவிடும். பெட்ரோல் எஞ்சின் நான்கில் ஒரு பங்கைத்தான் மாற்றும், மீதியெல்லாம் வெப்பமாகப் போகும். இந்த அனுகூலத்தைச் சேர்த்த பிறகும் பேட்டரி வெகுதூரம் பின்தங்கியே நிற்கிறது.

சுலோவேனியா நாட்டின் பிப்பிஸ்டிரல் நிறுவனம் செய்த வேலிஸ் எலக்ட்ரோ என்ற இரண்டு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு அதற்கு வகைச்சான்று கொடுத்தது. முழுக்க மின்சாரத்தில் பறக்கும் விமானம் ஒன்று உலகில் அப்படிச் சான்று பெற்றது அதுவே முதல்முறை. அதன் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து சுமார் 25 யூனிட் கொள்ளும். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா, அதை வைத்து இந்த விமானத்துக்கு நான்கு முறை முழு மின்னேற்றம் செய்யலாம். அந்த 25 யூனிட்டால் நடக்கும் வேலையைப் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு செய்திருந்தால் சுமார் பத்து லிட்டர் போதும். பத்து லிட்டர் பெட்ரோலுக்கு ஏழு கிலோ எடை. இந்தப் பேட்டரிகளோ இரண்டு ஆள் எடை.

பிறகு எப்படித்தான் பறக்கிறது? விமானம் பறப்பதற்கு எவ்வளவு குறைவான திறன் போதும் என்பதை நாம் பெரும்பாலும் உணர்வதில்லை. ஆட்களோடு சேர்த்து இந்த விமானத்தின் எடை 600 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. நல்ல நீண்ட இறக்கை. மோட்டாரை நிறுத்திவிட்டால் ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் சுமார் 15 மீட்டர் முன்னே சறுக்கும். அதையே திருப்பிச் சொன்னால், உயரம் குறையாமல் மட்டமாகப் பறக்க எடையில் பதினைந்தில் ஒரு பங்கு இழுப்பு இருந்தால் போதும். 600 கிலோவுக்கு 40 கிலோ இழுப்பு. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இழுப்பைத் தர 17 கிலோவாட் வேண்டும். புரொப்பெல்லரிலும் மோட்டாரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 24 கிலோவாட். 25 யூனிட் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும் என்று கணக்கு சொல்கிறது. மேலேறும் செலவையும் கடைசிக் கையிருப்பையும் கழித்தால் எஞ்சுவது ஐம்பது நிமிடம். நிறுவனம் சொல்லும் எண்ணும் அதுதான். தாளில் நாலு வரியில் போட்ட கணக்கு உண்மையான விமானத்தோடு இப்படிப் பொருந்தும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை.

ஐம்பது நிமிடத்தில் காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போக முடியாது. பயிற்சி விமானம் எங்கும் போகவேண்டியதும் இல்லை. விமானம் ஓட்டப் பழகுகிறவர் தொடக்க காலத்தில் பெரும்பாலும் ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றியே வருவார். எழும்பி ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர் ஏறி, திரும்பி, ஓடுதளத்துக்கு இணையாகப் பறந்து, மீண்டும் திரும்பி இறங்கி, சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி எழும்புவது. ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிடம். ஒரு பாடவேளையில் ஏழெட்டுச் சுற்று. பேட்டரியின் பெரிய குறை தூரம். இந்த வேலை தூரமே கேட்பதில்லை. பறத்தல் தொழிலில் பேட்டரி முதலில் நுழையக்கூடிய வாசல் இது ஒன்றுதான் என்பது என் கருத்து. நூறு பேரை ஏற்றிச் செல்லும் மின்விமானம் பற்றிய வண்ணப்படங்களை நான் இப்போதைக்குப் பொருட்படுத்துவதில்லை.

இனிக் கடைக்காரரின் வாக்கியத்துக்கு வருகிறேன்.

ஒரு செல்லுக்குள் நடப்பது இடப்பெயர்ச்சி. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்ந்துகொள்கின்றன. மின்சாரம் எடுக்கும்போது அங்கிருந்து கிளம்பி மறுமுனைக்குத் திரும்புகின்றன. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று நேர்க்கோட்டில் வாசல்கள். கல்யாணக் கூட்டம் முழுவதும் முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் பந்திக்குப் போகவேண்டும். நாலைந்து பேராகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தால் ஒவ்வொரு நிலைக்கதவிலும் நெரிசல், புழுக்கம். செல்லுக்குள் உண்டாகும் அந்த நெரிசலைத்தான் அகமின்தடை என்கிறோம். கிராஃபைட்டின் மேல் முதல் மின்னேற்றத்திலேயே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. அது இல்லாவிட்டால் செல் பிழைக்காது. ஆனால் ஆண்டுகள் போகப்போக அந்தப் படலம் தடித்துக்கொண்டே வருகிறது, வாசல் குறுகிக்கொண்டே போகிறது. வீட்டில் ஆள் அதிகம் குறையவில்லை. வெளியே வரத்தான் நேரமாகிறது. மேசை மேல் 3.1-க்குச் சரிந்த செல்லுக்கு நேர்ந்தது இதுதான்.

இதை விமானத்தில் வைத்துப் பாருங்கள். ஆறாவது சுற்று முடியப்போகிறது, பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மாணவர் இறங்கிக்கொண்டிருக்கிறார், தரைக்கு இருபது மீட்டர்தான். ஓடுதளத்தின் நடுவே ஒரு மாடு. இறங்கக்கூடாது, முழுத் திறனையும் கொடுத்து மீண்டும் எழவேண்டும். பெட்ரோல் விமானத்தில் தொட்டியில் கால்வாசி இருந்தாலும் எஞ்சின் முழுத் திறனையும் தரும். பேட்டரி அப்படி அல்ல. மின்னேற்றம் குறையக்குறைய வோல்ட் இறங்குகிறது. திறன் என்பது வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. வோல்ட் இறங்கினால், இந்த மோட்டாரின் முழுத் திறனான அதே 57 கிலோவாட்டுக்கு அதிக மின்னோட்டம் இழுக்கவேண்டும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் செல்லுக்குள் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு; அகமின்தடையில் வோல்ட் இன்னும் சரியும். களைத்திருக்கும் நேரத்தில்தான் முழுப் பலமும் கேட்கப்படுகிறது.

அதனால்தான் மின்விமானத்தின் விமானி அறையில் மின்னேற்றம் எத்தனை விழுக்காடு என்பதோடு பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை விழுக்காடு என்று இன்னொரு எண்ணும் காட்டப்படுகிறது. முன்னது இன்றைய கையிருப்பு, பின்னது வயது. கடைக்காரர் மல்டிமீட்டரில் எனக்குக் காட்டிய இரண்டு வேறுபட்ட செய்திகள் அவை. இறங்கும் முடிவைப் பயிற்றுநர் எடுப்பது, பேட்டரி காலியாகும் நேரத்தைப் பார்த்து அல்ல, முழுத் திறனோடு ஒருமுறை எழ முடியாமல் போகும் நேரத்தைப் பார்த்து. ஒரு விமானப் பேட்டரியை ஓய்வுக்கு அனுப்புவதும் பெரும்பாலும் அது இன்னும் நிறைய மின்சாரம் கொள்ளும் நிலையில்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பெட்ரோல் எரிய எரிய விமானம் இலேசாகும். பேட்டரி காலியானாலும் எடை குறையாது. எழும்பிய எடையோடுதான் இறங்கவேண்டும், அந்தக் கடைசி எழும்பலும் முழு எடையோடுதான்.

இனி வெயில். சித்திரை வைகாசியில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் காற்று, 15 டிகிரியில் இருப்பதைவிட எட்டு விழுக்காடு மெலிந்துபோகிறது. பெட்ரோல் எஞ்சின் மூச்சு வாங்கும். மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை, அதன் பலம் குறையாது. ஆனால் இறக்கையும் புரொப்பெல்லரும் அந்த மெலிந்த காற்றைத்தான் பிடித்து ஏறவேண்டும். செல்லின் கதையும் இருபுறம் வெட்டுகிறது. வெதுவெதுப்பில் அயனிகள் எளிதாக நகரும், ஆகவே அகமின்தடை குறையும். அதே சூடு மேற்படலத்தை வேகமாகத் தடிக்கவைக்கும். வேலிஸ் எலக்ட்ரோவின் பேட்டரிகளுக்குள் குளிர்நீர்மம் ஓடுகிறது. சூட்டை அது வெளிக்காற்றுக்குத் தள்ளவேண்டும். வெளிக்காற்றே 40 டிகிரி என்றால் தள்ளுவது கடினம். இறங்கியவுடன் மின்னேற்ற முடியாமல், முதலில் பேட்டரி ஆறட்டும் என்று காத்திருக்க நேரும். சுலோவேனியாவில் பிறந்த விமானம் நம் ஊர் மதியத்தில் எத்தனை பாடவேளை தரும் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. இதே நிறுவனத்தின், சான்று பெறுவதற்கு முந்தைய தலைமுறை விமானம் ஒன்று 2019 ஆகஸ்டில் நார்வேயில் பறந்துகொண்டிருக்கும்போது மோட்டாரின் திறனை இழந்து ஏரியில் இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் காயமின்றித் தப்பினார்கள். வேலிஸ் எலக்ட்ரோவில் ஒரு பேட்டரி மூக்குப் பகுதியிலும் மற்றது இருக்கைகளுக்குப் பின்னாலும் தனித்தனியே இருக்கின்றன. ஒன்று கெட்டால் அதைத் துண்டித்துவிட்டு மற்றதை வைத்துத் தரைக்கு வந்துவிடலாம்.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதில் ஊர் விட்டு ஊர் போகும் நெடும்பயணமும் உண்டு, ஆகவே பெட்ரோல் விமானம் முற்றிலும் ஒதுங்கப்போவதில்லை. தொடக்கச் சுற்றுகளை மட்டும் பேட்டரிக்கு மாற்றினாலே ஈயம் கலந்த விமானப் பெட்ரோலின் புகை அந்த அளவுக்குக் குறையும், ஓடுதளத்தை ஒட்டி வாழ்கிறவர்களின் காதும் பிழைக்கும்.

செட்டிநாட்டிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. அழகப்பர் லண்டனில் படித்த காலத்தில் விமானம் ஓட்டவும் கற்றவர், பின்னாளில் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் தொடங்கியவர். பேட்டரியின் உள்விவகாரத்தை ஆராயும் கூடத்துக்கு இடம் கொடுத்தவரே பறக்கத் தெரிந்தவராக இருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அந்த ஆய்வகத்தின் உடன்பிறப்பான பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் முன்பே ஹன்சா என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை உருவாக்கியது. அதன் மின்வடிவமான இ-ஹன்சாவை உருவாக்கும் பணி 2025-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது பறக்கத் தொடங்கி, கையேடு வெளிவரும்போது, வேகம், தூரம், விலை எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்வேன். நான் முதலில் தேடப்போவது ஒரு வரியை: வெளியே 40 டிகிரி, மின்னேற்றம் 30 விழுக்காடு, பேட்டரி மூன்று வயது. அப்போது மோட்டாருக்கு எத்தனை கிலோவாட் கிடைக்கும்?