தாத்தாவின் பதக்கத்தை எந்தப் பக்கம் குத்துவது?

சீருடையில் இருக்கும்வரை இந்தக் கேள்வியே எழாது. எதை எங்கே அணிய வேண்டும் என்பதைப் படையின் உடை விதி சொல்லிவிடும். ஓய்வு பெற்ற பிறகு கோட்டும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு ஒரு நினைவு நாள் நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. பீரோவுக்குள் தாத்தாவின் பதக்கங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் இன்னும் அதிகம்.

அடிப்படை விதி எளிமையானது. இடது மார்பு சம்பாதித்தவருக்கு. யாருக்கு வழங்கப்பட்டதோ அவர் மட்டுமே பதக்கத்தை இடப்பக்கம் அணியலாம். இறந்துபோன கணவர், தந்தை, தாத்தா என்று வீட்டாருடைய பதக்கத்தை அணிய விரும்புகிறவர்கள் வலப்பக்கம் குத்திக்கொள்வார்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதுதான் வழக்கம். இந்திய ராணுவமும், உயிர்நீத்த வீரர்களின் நெருங்கிய உறவினர்கள் போர் நினைவிடங்களில் அஞ்சலி செலுத்தும்போது வலப்பக்கம் அணிந்துகொள்ள அனுமதிக்கிறது. வலது மார்பில் பதக்கம் தொங்கினால், ‘இது நான் வாங்கியது இல்லை, என் வீட்டாருடையது’ என்று வாய் திறக்காமலேயே சொன்ன மாதிரி. தானும் படையில் இருந்து, அப்பாவும் இருந்தவர் என்றால் இரண்டு பக்கமும் பதக்கத்தோடு வருவார். அதில் தப்பில்லை.

ஆனால் கனடாவில் கதை வேறு. வலப்பக்கமாகவே இருந்தாலும் மற்றவருடைய பதக்கத்தை அணிவதை அந்நாட்டு விதிகள் ஏற்பதில்லை. உரிமையில்லாமல் ராணுவப் பதக்கம் அணிவது அங்கே குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவில் குற்றம். கனடாவில் இருக்கும் குடும்பத்தார் தாத்தாவின் பதக்கத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவைப்பதே நல்லது.

அடுத்தது வரிசை. ஒன்றுக்கு மேல் இருந்தால் தனித்தனியாகக் குத்தாமல் ஒரே பட்டையில் சேர்த்துக் கோக்க வேண்டும். மதிப்பில் உயர்ந்தது சட்டைப் பித்தான் பக்கம், அதாவது மார்பின் நடுவுக்குப் பக்கத்தில் வரும். மற்றவை தோள்பட்டையை நோக்கிப் போகும். எந்த வருடம் கிடைத்தது என்பது இங்கே கணக்கில்லை, நாடு வகுத்த மதிப்பு வரிசைதான் கணக்கு. இந்தியாவின் வரிசையில் பாரத ரத்னாவை அடுத்து பரம்வீர் சக்ரா. பத்மஸ்ரீயோ மகாவீர் சக்ராவுக்கும் கீர்த்தி சக்ராவுக்கும் பின்னால்தான் வரும். வேறு நாடு கொடுத்த பதக்கம் இருந்தால் சொந்த நாட்டுடையது எல்லாம் முடிந்த பிறகு அதற்கு இடம். கண்ணாடியைப் பார்த்துக் குத்துகிறவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான். செல்ஃபி எடுத்துச் சரிபார்க்கிறேன் என்று போனால் சில போன்களில் படமும் இடம் வலம் மாறியே தெரியும். பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

பகல் நிகழ்ச்சிக்குச் சாதாரண கோட்டோ பிளேசரோ போட்டால் முழு அளவுப் பதக்கம். இரவு விருந்துக்கான சம்பிரதாய உடைக்கு மினியேச்சர் எனப்படும் சிறிய வடிவம். சீருடையில் பதக்கத்துக்குப் பதிலாக வைக்கிற வெறும் ரிப்பன் பட்டையை பிரிட்டிஷ் மரபில் சிவில் உடையில் அணிவதில்லை. பிரான்சில் அப்படி இல்லை. அந்நாட்டின் உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானரில் செவாலியே என்ற நிலையைப் பெற்றவர், கோட்டின் காலர் மடிப்பில் மெல்லிய சிவப்பு ரிப்பன் அணிவது அங்கே அன்றாடக் காட்சி. எப்போது அணிவது என்பதற்கு அழைப்பிதழே வழிகாட்டி. பதக்கங்களுடன் வரவும் என்று போட்டிருந்தால் அணியுங்கள். ஒன்றும் போடவில்லை என்றால் நடத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பதக்கத்தில் காட்டும் தாராளம் மற்ற சின்னங்களுக்குக் கிடையாது. தோளில் குத்தும் நட்சத்திரம், கையில் தைக்கும் பட்டை போன்ற ரேங்க் அடையாளங்கள் சீருடையின் பாகம். சாதாரணச் சட்டையில் அவற்றுக்கு இடமில்லை. படைப்பிரிவின் டை, பிளேசர் பையில் தைத்த சின்னம், முன்னாள் வீரர் சங்கத்தின் சின்ன பின் இவையெல்லாம் சரி.

தகுதியில்லாதவர் அணிந்தால்? இதில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. இந்தியாவில் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படைவீரரின் உடையையோ அடையாளத்தையோ பயன்படுத்தினால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரான்சில் தண்டனை கடுமை: ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம். அமெரிக்காவில் பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கிய சட்டத்தை, பேச்சுரிமைக்கு எதிரானது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் 2013இல் வந்த புதிய சட்டம், அந்தப் பொய்யால் பணமோ வேறு ஆதாயமோ பெற முயன்றால் மட்டும் தண்டிக்கிறது. பிரிட்டனில் இதற்கான பழைய ராணுவச் சட்டப் பிரிவு நீங்கிய பிறகு, தனிச் சட்டம் கொண்டுவர 2016இல் நாடாளுமன்றத்தில் ஒரு முயற்சி நடந்தது, நிறைவேறவில்லை. அதற்காக அங்கே யாரும் சும்மா விட்டுவிடுவதில்லை. பழைய வீரர்கள் ரிப்பன் நிறத்தைப் பார்த்தே, ‘எந்தப் போரில் இருந்தீர்கள்?’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கடையில் காசு கொடுத்து வாங்கும் நினைவுப் பதக்கங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அரசு வழங்கிய பதக்கங்களோடு ஒரே பட்டையில் அவற்றைக் கோக்காதீர்கள். பளபளப்பு அதிகம் என்பதால் உண்மையானதையே அவை மங்கலாக்கிவிடும்.

அணிவதற்கு முன் தாத்தாவின் பதக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, முகத்தை அல்ல, விளிம்பைப் பாருங்கள். பல பதக்கங்களில் அந்த மெல்லிய ஓரத்தில்தான் எண்ணும் ரேங்க்கும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முதலில் அழிவது அந்த எழுத்துதான், அதனால் மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். ரிப்பன் நைந்துபோயிருந்தால் அதே நிறத்தில் புதியது வாங்கி மாட்டலாம். பழையதை மட்டும் தூக்கிப்போடாமல் ஓர் உறையில் போட்டு, யாருடையது என்று எழுதிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.