லெவீ: அணை அன்று, கரை

மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதி வரலாற்றைப் படிப்பவர்கள் ‘லெவீ’ என்னும் சொல்லைத் தவிர்க்க இயலாது. வெள்ளம் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் புகாதபடி ஆற்றின் ஓரமாக நெடுக எழுப்பப்பட்ட மண்கரையை அது குறிக்கும். ‘உயர்த்து’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்ததால், ‘உயர்த்தப்பட்டது’ என்பதே அதன் நேர்ப்பொருள். பிரெஞ்சுக் குடியேற்றத் தலைவர் பியான்வில் 1718-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை நிறுவிய சில ஆண்டுகளிலேயே அங்கே கரை எழுப்பும் பணி தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அக்கரைகளுக்கு மண் சுமந்தார்கள் என்பதை இச்சொல்லின் வரலாற்றிலிருந்து பிரிக்கலாகாது.

ஆறு தானே எழுப்பும் லெவீயும் உண்டு. வெள்ளம் கரைபுரளும்போது கனமான மணலும் வண்டலும் ஓரத்திலேயே படிந்து, காலப்போக்கில் மேடாகிவிடும். நியூ ஆர்லியன்ஸின் பழைய பிரெஞ்சுப் பகுதி அத்தகைய மேட்டின்மீது அமைந்ததால்தான், 2005-இல் கத்ரீனா புயலின்போது நகரின் பெரும்பகுதி மூழ்கியும் அது பெரிதும் தப்பியது.

இதைத் தமிழில் ‘அணை’ என்றோ ‘தடுப்பணை’ என்றோ எழுதுவது பிழை. அணை நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்பது. லெவீ ஓட்டத்தோடு கூடவே செல்வது. ‘கரை’ என்பதே பொருத்தமான சொல். அது இயற்கையாக அமைந்ததையும் குறிக்கும், ஏரிக்கரை என்னும்போது மனிதர் கட்டியதையும் குறிக்கும். கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்னும் மரபும் இவ்வழக்கின் பழமையைக் காட்டும். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘வெள்ளத் தடுப்புக் கரை’ எனலாம்.

லெவீயைச் சார்ந்த பிற சொற்களுக்கும் நம்மிடம் தயாராகச் சொற்கள் உள்ளன. கரை பிளப்பதை அங்குள்ளோர் ‘கிரெவாஸ்’ என்றனர்; அது நம் ‘உடைப்பு’. 1927 ஏப்ரல் 21 அன்று மவுண்ட்ஸ் லேண்டிங்கில் நேர்ந்த உடைப்பு மிசிசிப்பி மாநிலத்தில் ‘டெல்டா’ எனப்படும் சமவெளியை மூழ்கடித்தது. கறுப்பினத்தவர் பலர் துப்பாக்கி முனையில் மணல் மூட்டை சுமக்க வைக்கப்பட்டனர். பின்பு கிரீன்வில் என்னும் ஊரின் கரையின்மீது அமைந்த முகாமிலிருந்து வெளியேற விடாமல் அவர்களிடம் வேலை வாங்கப்பட்டது. அதே மாதம் 29 அன்று, நியூ ஆர்லியன்ஸைக் காப்பதற்காகக் கார்னார்வன் என்னுமிடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்த்து, அண்டை வட்டாரங்களை நீரில் மூழ்க விட்டனர். கரையை உயர்த்தினால் மட்டும் போதும் என்று பல பத்தாண்டுகளாக நம்பிவந்த பொறியியல், அதன்பிறகே மிகைநீரை வெளியேற்றும் வழியை நாடியது. 1931-இல் முடிந்த போனி கேரி வடிகால் அவ்வாறு எழுந்ததே. நம் ஏரிகளின் ‘கலிங்கு’ செய்யும் வேலையை அது செய்கிறது.

கரைக்கும் ஆற்றுநீருக்கும் இடைப்பட்ட நிலத்தை லூசியானாவில் ‘பத்தூர்’ என்பர். காவிரிக்கரை உழவர்கள் அதைப் ‘படுகை’ என்பார்கள்.

ஓரிடத்தில் மட்டும் ‘கரை’ பொருந்தாது. செயின்ட் லூயிஸ் போன்ற ஊர்களில், நீராவிக் கப்பல்கள் வந்து நின்று சரக்கு இறக்கிய, கல் பாவிய சரிவையும் லெவீ என்றே அழைத்தனர். அங்கே ‘துறை’ என்று எழுத வேண்டும்.